“நட்டுவை ஏன் இறக்கவில்லை?” காந்திபுரத்தில் தீராத வழக்கு!

கோவை காந்திபுரம் பஸ் நிலையத்தில் சேலம் பஸ்சுக்காக நிற்கிறவர்களிடம் பேச்சுக் கொடுக்க வேண்டுமா? ஒரே ஒரு கேள்வி போதும்.

“நம்ம நடராஜனை ஏனுங்க ஆட விடமாட்டேங்கறாங்க?”

அவ்வளவுதான்! டீக் கிளாசைக் கீழே வைத்துவிட்டு நாலு பேர் திரும்புவார்கள். பஸ் வந்து நின்றாலும் பேச்சு நிற்காது. 2025-ம் ஆண்டு ஐ.பி.எல். கிரிக்கெட் நடந்த ஏப்ரல், மே மாதங்களில் இந்த வழக்கு தினமும் விசாரணைக்கு வந்தது. தீர்ப்புத்தான் இன்னும் வரவில்லை.

“பத்தே முக்கால் கோடி குடுத்து ஏலத்துல எடுத்தாங்க. எடுத்து எதுக்குங்ணா? தண்ணி பாட்டில் தூக்கறதுக்கா?” என்பது இளவட்டங்களின் வாதம்.

“அட, இரு தம்பி! பதினோரு பேருதானே இறங்க முடியும்? யாரை வெளியே உட்கார வெக்கறது? அதைச் சொல்லு மொதல்ல” என்பது மில் வேலையில் தலை நரைத்தவர்களின் எதிர்வாதம்.

கிராஸ்கட் ரோட்டில் துணி எடுத்துக்கொண்டு பையும் கையுமாக நிற்கும் தாய்மார்கள் இரண்டு கட்சியிலும் சேர மாட்டார்கள். “பாவமுங்க, அந்தப் பையனுக்கு முட்டி வலி என்னமோ சரியாச்சுதோ இல்லையோ?” என்பார்கள். உண்மையைச் சொன்னால், வழக்கின் முடிச்சு அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்

தங்கராசு நடராஜன் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர். ரசிகர்கள் வைத்த செல்லப் பெயர் நட்டு. தகப்பனார் தறியில் கூலி வேலை செய்தவர். தாயார் சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை போட்டுப் பிழைத்தவர். ஐந்து பிள்ளைகளில் நடராஜன் மூத்தவர். அந்த வீட்டில் கிரிக்கெட்டுக்குத் தனியாகக் காசு ஏது?

இருபது வயது வரை அவர் வீசியது டென்னிஸ் பந்துதான். கொங்கு நாட்டுக் கிராமங்களில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நடக்கும் பந்தயங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சின்ன மைதானம், மட்டையைச் சுற்றினால் பந்து காட்டுக்குள் போய்விடும். அங்கே தப்பிக்க ஒரே வழி, மட்டைக்காரரின் கால் விரலுக்கு நேராகப் பந்தைப் பாய்ச்சுவது. அதன் பெயர்தான் யார்க்கர்.

யார்க்கர் வீசுவது விளையாட்டல்ல. ஒரு முழம் முன்னால் விழுந்தால் பந்து எழும்பிவிடும். ஒரு முழம் தள்ளி, தரையிலேயே படாமல் போனால் அது அல்வா! சிக்சர் பறக்கும். நடராஜன் இடது கையால் அந்தப் பந்தைச் சொல்லி வைத்தாற்போல் வீசினார்.

அதே ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ் என்பவர்தான் முதலில் அந்தத் திறமையைக் கண்டு, அவரைச் சென்னைக்கு அனுப்ப வழி செய்தவர். அந்த நன்றியை நடராஜன் மறக்கவில்லை. ஐ.பி.எல். சட்டையின் முதுகில் ‘ஜே.பி. நட்டு’ என்று போட்டுக்கொண்டார்.

2015 ஜனவரியில் ரஞ்சி ஆட்டத்தில் தமிழ்நாட்டுக்காக முதன்முதலாக இறங்கினார். உடனே ஒரு சோதனை! பந்து வீசும்போது முழங்கை வளைகிறது என்று நடுவர்கள் புகார் எழுதினார்கள். வேறொருவராக இருந்தால் ஊருக்குத் திரும்பியிருப்பார். இவர் கையை வீசும் முறையையே மாற்றிக்கொண்டு மறுபடி வந்தார். 2016-ம் ஆண்டு தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியதும் திண்டுக்கல் அணிக்காக ஒரு சூப்பர் ஓவர் வீசினார். ஆறு பந்தும் யார்க்கர்! அடுத்த ஆண்டே பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. பிறகு கோவை கிங்ஸ் சட்டையையும் போட்டார். காந்திபுரத்துக்காரர்கள் ‘நம்ம ஆளு’ என்று உரிமை கொண்டாட அதுவும் ஒரு காரணம்.

பஞ்சாபில் அவர் நிலைக்கவில்லை. 6 ஆட்டம், 2 விக்கெட். 2018-ல் ஐதராபாத் அணி 40 லட்சத்துக்கு எடுத்தது. எடுத்து என்ன செய்தது? உட்கார வைத்தது! 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அந்த அணிக்காக ஓர் ஆட்டம்கூட அவர் ஆடவில்லை. ஆகவே பெஞ்ச் என்பது 2025-ல் அவருக்கு வந்த புது விருந்தாளி அல்ல. பழைய சிநேகிதம்தான்.

அடுத்தவர் காயம், இவருக்கு வாசல்

2020-ல் ஐ.பி.எல். ஆட்டங்கள் அரபு நாட்டில் நடந்தன. இந்த முறை ஐதராபாத் இவரை நம்பி இறக்கியது. 16 விக்கெட் எடுத்தார். நவம்பர் 6-ந் தேதி, உலகமே அஞ்சும் டிவில்லியர்சின் ஸ்டம்பை ஒரு யார்க்கர் பெயர்த்தது. அதே நாளில் ஊரில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது!

குழந்தை முகம் பார்க்க அவர் ஊருக்குத் திரும்பவில்லை. நேராக ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறினார். எதற்காக? இந்திய அணியில் ஆடுவதற்கு அல்ல. வலைப் பயிற்சியில் பந்து வீசிக் கொடுப்பதற்கு! அணியில் உள்ள மட்டைக்காரர்கள் பழகிக்கொள்ள வலைக்குள் பந்து போடுகிறவர் அவர். ஆட்டக்காரர்கள் பட்டியலில் அவர் பெயர் இருக்காது.

அப்புறம் நடந்தது கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள். தமிழ்நாட்டுச் சுழல் வீச்சாளர் வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம். 20 ஓவர் அணியில் அவர் இடம் நடராஜனுக்கு வந்தது. ஒரு நாள் ஆட்ட அணியில் நவ்தீப் சைனிக்கு முதுகு வலி. அங்கேயும் மாற்றாகச் சேர்த்தார்கள். டிசம்பர் 2-ந் தேதி கான்பெராவில் முதல் ஆட்டம், 2 விக்கெட். இரண்டு நாள் கழித்து அதே மைதானத்தில் 20 ஓவர் ஆட்டம். 30 ரன் கொடுத்து 3 விக்கெட்.

(அந்த ஆட்டத்தில் இன்னொரு வேடிக்கை. ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட்டதால் அவருக்குப் பதிலாகப் பாதியில் இறங்கிய சாகலும் 3 விக்கெட் எடுத்தார். ஆட்ட நாயகன் பரிசு, பெஞ்சிலிருந்து எழுந்து வந்த அந்தச் சாகலுக்கே போனது!)

20 ஓவர் தொடரை இந்தியா வென்றது. தொடர் நாயகன் கோப்பையைப் பெற்ற ஹார்திக் பாண்டியா, அதைக் கொண்டுபோய் நடராஜன் கையில் கொடுத்தார். “இது உனக்குத்தான் சேர வேண்டும்” என்பதுபோல் இருந்தது அந்தக் காட்சி.

டெஸ்ட் ஆட்டங்களுக்கும் அவரைத் தங்கச் சொன்னார்கள். மீண்டும் வலையில் வீசத்தான்! ஆனால் ஷமிக்குக் கையில் அடி. உமேஷ் யாதவுக்குக் கெண்டைக்கால். பும்ராவுக்கு வயிற்றுத் தசை. அஸ்வினுக்கு முதுகு. ஜடேஜாவுக்குக் கட்டை விரல். அணி ஆஸ்பத்திரி வார்டுபோல் ஆகிவிட்டது. 2021 ஜனவரி 15-ந் தேதி பிரிஸ்பேன் மைதானத்தில் நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் ஒன்றாக டெஸ்ட் தொப்பி வாங்கினார்கள். இருவரும் தமிழர்கள். இருவரும் வலையில் பந்து வீசிக் கொடுத்தவர்கள். முதல் இன்னிங்சில் ஆளுக்கு 3 விக்கெட். சதம் அடித்து நின்ற லபுசேனை வெளியேற்றியவர் நடராஜன். வாஷிங்டன் மட்டை பிடித்து 62 ரன்னும் சேர்த்தார்.

ஜனவரி 19-ந் தேதி இந்தியா 3 விக்கெட்டில் வென்றது. அந்த மைதானத்தில் ஆஸ்திரேலியா 1988-க்குப் பிறகு டெஸ்ட்டில் தோற்றதே கிடையாது. ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் முதல் அடி எடுத்து வைத்த முதல் இந்தியர் என்ற பெயர் நடராஜனுக்குக் கிடைத்தது. சின்னப்பம்பட்டியில் குதிரை பூட்டிய சாரட்டில் ஊர்வலம்! குழந்தைக்கு இரண்டரை மாதம் ஆன பிறகுதான் தகப்பன் முகம் தெரிந்தது.

தன் காயம், அதே வாசலை மூடியது

2021 மார்ச் 28. புனேயில் இங்கிலாந்துடன் ஒரு நாள் ஆட்டம். கடைசி ஓவரில் இங்கிலாந்துக்கு 14 ரன் வேண்டும். சாம் கரன் 90-ஐத் தாண்டி வெளுத்துக்கொண்டிருந்தார். பந்து நடராஜனிடம். யார்க்கர் மேல் யார்க்கர்! கரன் தவித்தார். இந்தியா 7 ரன்னில் வென்றது.

அதுதான் கடைசி. இந்தியாவுக்காக முதல் ஆட்டம் ஆடியதிலிருந்து அன்று வரை நான்கு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. மொத்தம் 7 ஆட்டம், 13 விக்கெட். ஏப்ரலில் முட்டியில் அறுவை சிகிச்சை. செப்டம்பரில் ஐ.பி.எல். ஆடத் திரும்பியபோது கொரோனா வந்து படுக்க வைத்தது. பிறகு 2025 முடியும் வரை இந்தியச் சட்டை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

இடம் காலியாகக் காத்திருக்குமா? இருக்காது. பஸ்சில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்தாலும், இறங்கி டீ குடித்து வருவதற்குள் வேறொருவர் உட்கார்ந்துவிடுகிறார்! நடராஜன் முட்டிக் கட்டோடு இருந்த காலத்தில் அர்ஷ்தீப் சிங் என்ற வாலிபர் வளர்ந்தார். அவரும் இடது கை. அவரும் கடைசி ஓவர்களில் யார்க்கர் வீசுகிறவர். 2022-ல் இந்திய அணிக்கு வந்தார்.

2024-ல் வழக்கு சூடு பிடித்தது. ஐதராபாத்துக்காக நடராஜன் 19 விக்கெட் எடுத்தார். 20 ஓவர் உலகக் கோப்பைக்கு அணி அறிவித்தார்கள். அவர் பெயர் இல்லை. மாற்று ஆட்டக்காரர் பட்டியலிலாவது உண்டா என்று பார்த்தார்கள். அங்கேயும் இல்லை, கலீல் அகமது என்ற இன்னொரு இடது கைக்காரர் இருந்தார்.

காந்திபுரத்தில் கோபம் பொங்கியது. “வடக்கே பொறந்திருந்தா எடுத்திருப்பாங்க” என்ற பேச்சு அப்போதுதான் பலமாக எழுந்தது. கோபம் நியாயம்தான். மாற்று ஆட்டக்காரராகக்கூடச் சேர்க்காதது நியாயம் என்று சொல்வது கஷ்டம். ஆனால் முதல் பதினொன்றில் அர்ஷ்தீப்பை விட்டுவிட்டு இவரை எடுத்திருக்க வேண்டும் என்பது எடுபடாத வாதம். அந்த உலகக் கோப்பையில் அர்ஷ்தீப் 17 விக்கெட் எடுத்தார். கோப்பையும் வந்தது.

வடக்கு, தெற்கு என்று பிரித்துப் பேசுவதும் முழுதாக ஒட்டவில்லை. யாருடைய தோள் காயத்தால் நடராஜனுக்கு முதல் வாசல் திறந்ததோ, அந்த வருண் சக்கரவர்த்தியைப் பாருங்கள். 2021 உலகக் கோப்பைக்குப் பிறகு மூன்று ஆண்டு அவரைச் சீந்துவாரில்லை. 2024 அக்டோபரில் திரும்ப அழைத்தார்கள். 2025-ல் சாம்பியன்ஸ் கோப்பைக்கு முதலில் அறிவித்த பட்டியலிலும் அவர் கிடையாது. கடைசி நேரத்தில் சேர்த்தார்கள். நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு 5 விக்கெட்! கோப்பையோடு திரும்பினார்.

பத்தே முக்கால் கோடி வழக்கு

இப்போது 2025-க்கு வருவோம். டெல்லி அணி நடராஜனை 10 கோடியே 75 லட்சத்துக்கு எடுத்தது. அவர் ஆடியதோ விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள்.

ஓர் ஐ.பி.எல். அணியில் அதிகம் 25 பேர் வரை சேர்க்கலாம். களத்தில் 11 பேர். 2023-ல் வந்த விதிப்படி ஆட்டத்தின் நடுவே ஒருவரை மாற்றிக்கொள்ளலாம். ஆக 12 பேர். மற்றவர்கள் எல்லோரும் பார்வையாளர்கள்தான், சம்பளம் வாங்கும் பார்வையாளர்கள்! டெல்லியில் அதே இடது கை வேகத்துக்கு ஆஸ்திரேலியாவின் ஸ்டார்க் இருந்தார். அணி முதல் நான்கு ஆட்டத்தையும் தொடர்ந்து வென்றது. வெல்லும் அணியில் யார் கை வைப்பார்கள்? மில் பெரியவர்களின் கட்சி இதுவரை பலமாகத்தான் இருக்கிறது.

ஆனால் மே மாதம் நடுவில் ஆட்டங்கள் ஒரு வாரம் நின்று மறுபடி தொடங்கியபோது ஸ்டார்க் திரும்பி வரவில்லை. சரி, இப்போதாவது நட்டுவுக்கு இடம் என்று காந்திபுரம் எதிர்பார்த்தது. டெல்லி என்ன செய்தது? வங்கதேசத்திலிருந்து முஸ்தபிசுர் ரஹ்மானை வரவழைத்தது. அவரும் இடது கை வேகம்! டெல்லி ஐந்தாவது இடத்தில் முடித்து, அடுத்த சுற்றுக்குப் போகாமல் வெளியேறியது. இந்தக் கட்டத்தில் இளவட்டங்களின் கேள்விக்குப் பெரியவர்களிடம் நல்ல பதில் இல்லை.

ஒன்று மட்டும் உண்மை. உட்கார்ந்திருப்பவர் தோற்பதில்லை! களத்தில் இருப்பவர் ஒரு பந்தைத் தவறவிட்டால் ஊரே திட்டும். வெளியே இருப்பவர் ரசிகனின் மனதில் ஆறு பந்தும் யார்க்கராகவே வீசுகிறார். அதனால்தான் தோற்ற நாளில் அவர் பெயர் அதிகம் கேட்கிறது.

அமெரிக்காவிலும் இதே பேச்சு

இந்த வியாதி கோவைக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் கல்லூரிகளுக்குள் நடக்கும் கால்பந்து ஒன்று உண்டு. நம் ஊர்க் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்து ஆடுவது. அதில் ‘குவார்ட்டர்பேக்’ என்பவர்தான் அணியின் மூளை. பந்தை யாருக்கு எறிவது என்று முடிவு செய்கிறவர். களத்தில் அந்த வேலைக்கு ஒருவர்தான். இரண்டாமவர் ஓரத்தில் நிற்க வேண்டியதுதான். ஆகவே ‘இரண்டாமவரை இறக்கு’ என்ற சண்டை அங்கே வீட்டுக்கு வீடு உண்டு.

2018 ஜனவரி 8. அட்லாண்டா நகரில் தேசிய இறுதியாட்டம். ஜார்ஜியா கல்லூரியிடம் அலபாமா கல்லூரி பாதி ஆட்டத்தில் 0-13 என்று பின்தங்கியது. பயிற்சியாளர் நிக் சேபன் துணிந்தார். இரண்டு ஆண்டாக அணியை நடத்திய ஜேலன் ஹர்ட்சை உட்கார வைத்துவிட்டு, முதலாண்டு மாணவரான டூவா டகோவைலோவாவை இறக்கினார். 26-23 என்று அலபாமா வென்றது!

அதே ஆண்டு டிசம்பர் 1. அதே மைதானம். அதே ஜார்ஜியா. இப்போது டூவா முதல்வர், ஹர்ட்ஸ் ஓரத்தில். டூவாவுக்குக் காலில் அடி. ஹர்ட்ஸ் எழுந்து வந்தார். பின்தங்கியிருந்த அணியை 35-28 என்று வெல்ல வைத்தார். கதைக்காரர்கள்கூட இப்படி எழுதக் கூச்சப்படுவார்கள். அந்த ஹர்ட்ஸ் பிறகு தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். 2025 பிப்ரவரியில் பிலடெல்பியா அணிக்கு ‘சூப்பர் பௌல்’ கோப்பையை வாங்கிக் கொடுத்து, ஆட்ட நாயகனும் ஆனார்.

டோனிக்குப் பின்னால் நின்றவர்

தமிழ்நாட்டில் இந்தப் பள்ளிக்கூடத்தில் தலைமை வாத்தியார் ஒருவர் உண்டு. சென்னை தினேஷ் கார்த்திக். 2004-ல் இந்திய அணிக்கு வந்த விக்கெட் கீப்பர். அவர் வந்து மூன்று மாதம் கழித்து டோனி வந்தார். மீதி எல்லோருக்கும் தெரிந்த கதை. டோனி இருக்கும்வரை இரண்டாமவர் இரண்டாமவர்தான். 2010-ல் டெஸ்ட் அணியிலிருந்து விலகி, 2018 ஜூனில் திரும்புவதற்குள் இந்தியா 87 டெஸ்ட் ஆடிவிட்டது!

அவரும் சும்மா இருக்கவில்லை. 2018 மார்ச் 18-ந் தேதி கொழும்பில் வங்கதேசத்துடன் இறுதியாட்டம். 12 பந்தில் 34 ரன் வேண்டும் என்ற நிலையில் இறங்கினார். 8 பந்தில் 29 ரன். கடைசிப் பந்தில் 5 ரன் தேவைப்பட்டபோது சிக்சர்! 37 வயதில்கூட உலகக் கோப்பை அணியில் இடம் பிடித்தார்.

2023 ஜூன் மாதம் சின்னப்பம்பட்டியில் ஒரு விழா நடந்தது. நடராஜன் தன் சம்பாத்தியத்தில் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் கட்டியிருந்தார். நடுவே நான்கு ஆடுகளம். தனியாகப் பயிற்சி வலைகள். இந்த ஊர்ப் பையன்களுக்கு இனி பந்துக்காகவும் இடத்துக்காகவும் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. ஏற்கனவே இந்த ஊரிலிருந்து இன்னொருவர் முளைத்திருக்கிறார். பெரியசாமி என்று பெயர். 2019 தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதியாட்டத்தில் சேப்பாக் அணிக்காக 15 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தவர் அவர்தான்.

மைதானத்தைத் திறந்து வைக்க நடராஜன் யாரை அழைத்தார் தெரியுமா? தினேஷ் கார்த்திக்கை!